எட்டாவது கரை கிடையாது

காங்கோவில் கசாய், சங்குரு ஆறுகளை ஒட்டி வாழும் கூபா மக்களின் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. 1920களில் அங்கிருந்த பாதிரியார்கள், கூபா அரசரை அசத்திவிடலாம் என்று ஒரு மோட்டார் சைக்கிளைக் காட்டினார்கள். அரசர் வண்டியைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மணலில் அது விட்டுப்போன டயர் தடம்தான் அவரைப் பிடித்துக்கொண்டது. அதைப் படியெடுக்கச் சொல்லி, அந்த வடிவத்துக்குத் தன் பெயரையே வைத்தார்.

அரசரின் கண் சரியான இடத்தில்தான் போய் நின்றது. டயரில் செதுக்கியிருப்பது கொஞ்சம்தான். ஒரு சுற்று முடிந்ததும் அதே செதுக்கல் மறுபடி வருகிறது, மறுபடி, மறுபடி. பட்டுச் சேலையின் கரை உருவாவதும் இப்படியே. ஜக்கார்டு தறியின் மேலே துளை போட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து மாலை போலத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒவ்வொரு அட்டையும் பாவில் எந்த இழை மேலே எழும்ப வேண்டும் என்று சொல்லும். கடைசி அட்டை முடிந்ததும் முதல் அட்டை வரும், கரையில் அடுத்த மயில் பிறக்கும். மார்கழியில் கடைவீதியில் விற்கும், துளை போட்ட கோலக் குழாயும் இதே வேலையைத்தான் செய்கிறது. மெசொப்பொத்தேமியாவில் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே உருளை முத்திரைகளை ஈரக் களிமண்ணில் உருட்டினார்கள். சுழல்கிற எதுவும் தரையில் ஒரு கரையைப் போட்டுவிடும்.

சரி, இப்படித் திரும்பத் திரும்ப வருவதில் எத்தனை விதம் இருக்க முடியும்? மயில், அன்னம், கொடி, ருத்ராட்சம் என்று உருவங்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால் ஓர் உருவம் ஒரு கரையில் திரும்ப வருகிற முறைகள் மொத்தம் ஏழுதான். இதைப் படித்த அன்று நான் நம்பவில்லை. அம்மாவின் பீரோவைத் திறந்து, சேலைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு, பட்டர் பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டேன்.

சோதனை எளிது. கரையில் ஒரு சாண் நீளத்தைப் பட்டர் பேப்பரில் வரைந்துகொள்ளுங்கள். அதைக் கரையின் மேலேயே வைத்து நகர்த்தினால் ஓர் இடத்தில் கச்சிதமாகப் பொருந்தும். அது எல்லாக் கரைக்கும் பொது. இனி நான்கு கேள்விகள்.

காகிதத்தை இடம் வலமாகப் புரட்டிப் போட்டாலும் பொருந்துகிறதா? அப்படியென்றால் கரையின் குறுக்கே ஒரு கண்ணாடி நிற்கிறது. கோபுரக் கரையில் நிற்கும் முக்கோணங்கள் அப்படிப்பட்டவை. தலைகீழாகப் புரட்டிப் போட்டாலும் பொருந்துகிறதா? அது குளத்து நிழல்: கரையோர மரமும் தண்ணீரில் அதன் நிழலும் போல, மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்று. புரட்டாமல், மேசைமேல் வைத்தபடியே அரைச்சுற்று சுற்றினால் பொருந்துகிறதா? சீட்டுக்கட்டில் ராஜா படம் எந்தப் பக்கம் பிடித்தாலும் நேராக இருக்குமே, அந்த ரகம். முறுக்கிய கயிறு போன்ற சாய்கோடுகள் இதற்கு நல்ல உதாரணம்.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தலைகீழாகப் புரட்டினால் பொருந்தாது, ஆனால் உருவம் திரும்ப வரும் தூரத்தில் பாதி நகர்த்தியதும் பொருந்திவிடும். இதற்கு 'நடை' என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். கிருஷ்ண ஜெயந்தியன்று வாசலிலிருந்து பூஜை அறைவரை மாவில் பாதம் வைப்பார்கள். அம்மா முஷ்டியை மடக்கி, ஓரத்தை மாவில் தோய்த்துத் தரையில் அழுத்துவார். அப்புறம் விரல்நுனியால் ஐந்து பொட்டு. இடப்பாதத்துக்கு இடக்கை, வலப்பாதத்துக்கு வலக்கை. இடப்பாதத்தைப் புரட்டினால் வலப்பாதம். ஆனால் இரண்டும் நேருக்கு நேர் இல்லை, ஒன்றையொன்று பாதித் தூரம் தாண்டி நிற்கின்றன. மழைக்குப் பிறகு வயலில் டிராக்டர் போன தடத்தைப் பாருங்கள். இடமும் வலமும் மாறி மாறிச் சாய்ந்த அந்தப் பள்ளங்களும் நடைதான்.

இனி எண்ணலாம். நான்கில் எதுவுமே பொருந்தாத கரை ஒன்று. ஒரே பக்கம் பார்த்துப் போகும் மயில் வரிசை அது. ஒற்றைக்காலில் நொண்டி அடித்துப் போனால் விழும் தடமும் அதுவே. கண்ணாடி மட்டும், குளத்து நிழல் மட்டும், அரைச்சுற்று மட்டும், நடை மட்டும் என்று நான்கு. ஆக ஐந்து. அடுத்து, இரண்டு மூன்று குணங்கள் சேர்ந்து வரும் கரைகள். அவை ஏகப்பட்டது இருக்கும் என்றுதான் தோன்றும். இங்கேதான் கணிதம் கதவைச் சாத்துகிறது.

ஒரு காகிதத்தை இடம் வலமாகப் புரட்டி, கூடவே அரைச்சுற்றும் சுற்றிப் பாருங்கள். விளைவு, மேல் கீழாகப் புரட்டியதுதான். அதாவது ஒரு கரையில் கண்ணாடியும் அரைச்சுற்றும் இருந்தால், குளத்து நிழலோ நடையோ கேட்காமலே வந்து சேர்ந்துவிடும். நடையும் கண்ணாடியும் இருந்தால் அரைச்சுற்று தானாக வரும். நடையும் அரைச்சுற்றும் இருந்தால் கண்ணாடி வரும். எந்த இரண்டைக் கூப்பிட்டாலும் மூன்றாவது கூடவே வருவதால், இந்த மூன்றுக்குமாகக் கிடைப்பது ஒரே கரைதான்: சேலையில் வங்கி என்று சொல்லும் வெறும் கோடு, அதாவது வளைந்து வளைந்து போகும் அலை. அது ஆறாவது. குளத்து நிழலோடு கண்ணாடியோ அரைச்சுற்றோ சேர்ந்தால் விடுபட்டதும் வந்துவிடும். வட்ட வட்டமான ருத்ராட்ச வரிசையில் எப்படித் திருப்பினாலும் பொருந்துவது அதனால்தான். அது ஏழாவது. எட்டாவதாக ஒன்றைப் பிடிக்க எத்தனை முயன்றாலும், அது இந்த ஏழில் ஒன்றாகவே வந்து நிற்கும்.

நீளவாக்கில் மட்டுமின்றி, துணி முழுக்க நாலாபக்கமும் பரவும் வடிவங்களுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. அங்கே 17 வகை. 1891ல் ரஷ்யப் படிகவியலாளர் ஃபெதரோவ் அதை நிறுவினார். 1924ல் கணிதவியலாளர் போல்யா தனியாக அதே முடிவுக்கு வந்து, பதினேழுக்கும் படம் போட்டுக் காட்டினார். ஓவியர் எஷெர் அந்தப் படங்களை உட்கார்ந்து படியெடுத்தார்.

கூபா பெண்களுக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. ராஃபியா பனையோலையின் நாரைக் கொண்டு ஆண்கள் தறியில் துணி நெய்கிறார்கள். அதன்மேல் பெண்கள் ஊசி வேலை செய்கிறார்கள். மெல்லிய நாரை ஒரு நூலிழைக்கு அடியில் செருகி இழுத்து, இரு முனையையும் கத்தியால் ஒட்ட நறுக்கினால் ஒரு சின்னக் குச்சம் நிற்கும். முடிச்சே கிடையாது, நெசவின் இறுக்கம்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான குச்சங்கள் சேர்ந்து வெல்வெட் போல ஆகிவிடும். ஒரு துணி முடிய மாதக்கணக்கில் ஆகும். வரைபடம் எதுவும் முன்னால் இருக்காது, கண்ணும் கையும்தான் கணக்கு. டொனால்ட் குரோ என்ற கணிதவியலாளர் கூபா கலைப்பொருட்களின் வடிவங்களை அலசி 1971ல் எழுதினார். கரை வகை ஏழும் அங்கே இருந்தன. பரப்பு வகை பதினேழில் பன்னிரண்டு இருந்தன. தேற்றத்தை எழுதியவர்களைவிட இந்தப் பெண்களின் விரல்கள்மேல்தான் எனக்கு வியப்பு அதிகம்.

நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தங்கள் கூட்ட மண்டபத்தின் உத்தரத்திலும் கைமரங்களிலும் சிவப்பு, கறுப்பு, வெள்ளையில் 'கோஃபைஃபை' என்ற கரைகளைத் தீட்டுகிறார்கள். விரியாத பெரணித் தளிர் போன்ற சுருள்தான் அடிப்படை உருவம். அந்தச் சுருளைப் புரட்டியும் சுழற்றியும் மரத்தின் நீளத்துக்கு ஓடவிடுகிறார்கள். அவர்கள் காங்கோவைப் பார்த்ததில்லை, காங்கோ அவர்களைப் பார்த்ததில்லை. ஆனாலும் இரண்டு பேரும் புழங்குவது அதே ஏழு வழிகளில்.

ஆனால் எந்த ஊரும் ஏழையும் சமமாகப் பயன்படுத்துவதில்லை. குரோவும் மானிடவியலாளர் டாரதி வாஷ்பர்னும் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள். ஒரு சமூகத்தின் பானையிலும் துணியிலும் கூடையிலும் ஒருசில வகைகளே அடிக்கடி வரும். அந்த விருப்பத்தை வைத்தே பழைய பானை ஓடுகளைப் பிரித்தறிய முடியும். உருவம் சுலபமாகக் கைமாறும். ஒரு வியாபாரி கொண்டுவந்த துணியைப் பார்த்து மயிலை வரைந்துவிடலாம். அதை எப்படி அடுக்குவது என்பது பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் கையோடு ஊறுவது என்றே நினைக்கிறேன்.

பீரோவுக்கு வருகிறேன். மயில் வரிசை கிடைத்தது. கோபுரம் கிடைத்தது. இலைகள் மேலும் கீழும் மாறி மாறி முளைத்த கொடியில் நடை கிடைத்தது. கயிறு, வங்கி, ருத்ராட்சம் எல்லாம் கிடைத்தன. குளத்து நிழல் மட்டும் உள்ள மூன்றாவது வகை ஒரு சேலையிலும் இல்லை. யோசித்தபோது காரணம் புரிந்தது. சேலைக் கரைக்கு மேல் வேறு, கீழ் வேறு. கோபுரத்தின் கூர் உடல் பக்கம்தான் பார்க்க வேண்டும், அடிப்பாகம் ஓரத்தில்தான் இருக்க வேண்டும். மேலும் கீழும் ஒன்றாக, ஆனால் ஒரு திசை நோக்கி ஓடுகிற வடிவத்துக்கு அங்கே பெரிதாக இடமில்லை.

கடைசியில் அடித்தட்டில், கல்யாணத்துக்கு முன்னால் அம்மா போட்ட ஒரு தலையணை உறை இருந்தது. ஓரம் முழுக்கச் சங்கிலித் தையல். ஒவ்வொரு கண்ணியும் ஒரு துளி போல, ஒரு பக்கம் கூர், மறுபக்கம் உருண்டை. ஒன்றின் வாயிலிருந்து அடுத்தது கிளம்புகிறது. பட்டர் பேப்பரை வைத்து மேல் கீழாகப் புரட்டினேன். பொருந்தியது. இடம் வலமாகப் புரட்டினேன். பொருந்தவில்லை. "அதை எதுக்குடா எடுத்தே, துவைக்கக்கூட இல்லை" என்றார் அம்மா. ஏழாவதாகக் கிடைத்த அந்த மூன்றாவது கரையை மடியில் விரித்து வைத்தபடி, இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "பாட்டி போடுவா, பக்கத்துல உக்காந்து பாப்பேன்" என்றார்.