ஸ்கேஃபோல்டிங்: தமிழில் சாரக்கட்டு

ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் சொல் 'ஸ்கேஃபோல்டிங்'. மாணவருக்குத் தனியாகச் செய்ய வராத வேலையை, ஆசிரியர் கொஞ்ச காலம் ஊன்று கொடுத்துச் செய்ய வைப்பது. மாணவருக்குப் பிடிபடப் பிடிபட ஊன்றை எடுத்துவிடுவது. இரண்டும் சேர்ந்ததுதான் பொருள்.

வேர் பழைய பிரெஞ்சு. மேடை, பரண் என்ற பொருளில் ஆங்கிலத்துக்குப் போனது. கட்டட வேலைக்குப் போடும் பரணுக்கும் அதே சொல், மரண தண்டனை மேடைக்கும் அதே சொல். நல்லவேளை, கல்வியாளர்கள் கட்டடப் பக்கம் போனார்கள்.

கல்வித்துறையில் இதை நிலைநிறுத்தியது 1976இல் டேவிட் உட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை. மூன்று முதல் ஐந்து வயது வரையிலான 30 குழந்தைகளிடம் 21 மரக்கட்டைகளைக் கொடுத்துப் பிரமிடு கட்டச் சொன்னார்கள். கூட இருந்து சொல்லிக்கொடுத்தவர் என்ன செய்தார் என்பதுதான் ஆய்வு. ஆர்வத்தைத் தூண்டுவது, வேலையைச் சுருக்கிக் கொடுப்பது, முக்கியமானதைச் சுட்டிக்காட்டுவது, சலிப்பு வராமல் பார்த்துக்கொள்வது, செய்துகாட்டுவது என்றெல்லாம் பிரித்து எழுதினார்கள். ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கியின் பெயரோடு இதைப் பிணைத்துப் பேசும் வழக்கம் பிறகு வந்தது.

மொழி வகுப்புக்கு இது ஏன் தேவைப்பட்டது? கனடாவில் குடியேறிய பிள்ளைகளை வைத்து கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சொன்னது காரணம்: விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் ஏறக்குறைய இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடத்தை விளக்கி எழுதும் ஆங்கிலத்துக்கு ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆகலாம். சரளமாகப் பேசுகிற பிள்ளைக்கு எழுத மட்டும் வரவில்லை என்றால் சோம்பேறி என்று முத்திரை குத்திவிடுவது எளிது.

தமிழ்வழி வகுப்பிலும் இந்த இடைவெளி உண்டு. தண்ணீரில் உப்பையும் மணலையும் போட்டுக் கலக்கிய பிள்ளை, "உப்பு காணாமப் போச்சு சார், மண்ணு அடியிலயே தங்கிருச்சு" என்கிறது. கவனித்தது அத்தனையும் சரி. ஆசிரியர் அதையே எடுத்து, "ஆமா, உப்பு தண்ணியில கரைஞ்சிருச்சு. மணல்?" என்று கேட்கிறார். "மணல் கரையல சார்." 'கரை' என்ற வினை பிள்ளையின் வாய்க்கு வந்துவிட்டது. பிறகு பலகையில் ஒரு சட்டகம்: "____ நீரில் கரைந்தது, ஆனால் ____ கரையவில்லை. எனவே ____." முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லிப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் நோட்டில். அடுத்த வாரம் சர்க்கரையும் சுண்ணாம்புத் தூளும் வரும்போது பலகையில் 'ஆனால்', 'எனவே' மட்டும் இருக்கும். அதற்கடுத்து அதுவும் இராது. முழு விடையையும் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதற்கு இந்தப் பெயர் பொருந்தாது; அங்கே பிள்ளை எதையும் கட்டவில்லை.

தமிழில் என்ன சொல்வது? 'உதவி', 'ஆதரவு', 'தாங்கல்' எல்லாம் நல்ல சொற்களே. ஆனால் பாதிப் பொருள்தான் வரும். எடுத்துவிடுவது என்ற மறுபாதி அவற்றில் இல்லை. கொத்தனாரிடம் கேட்டால் சொல் தயாராக இருக்கிறது: சாரம். சவுக்குக் கம்பும் கயிறுமாகக் கட்டுவார்கள், இப்போது இரும்புக் குழாய். மேலிருந்து பூசிக்கொண்டே இறங்க இறங்கச் சாரத்தைப் பிரிப்பார்கள். 'சாரம் கட்டுதல்', 'சாரம் பிரித்தல்' என்று இரண்டு வினைகளும் பேச்சிலேயே இருக்கும்போது புதிதாக ஒன்றைச் செதுக்க வேண்டியதில்லை.

ஒரு சிக்கல் உண்டு. 'சாரம்' என்றால் சாறு, பிழிவு என்றும் பொருள். குமரி மாவட்டத்திலும் இலங்கையிலும் இடுப்பில் கட்டும் சாரமும் (கைலி) அதுவே. 'கற்றல் சாரம்' என்று எழுதினால் பாடச்சுருக்கம் என்றுதான் படிப்பார்கள். அதனால் பெயராக வரும் இடத்தில் 'சாரக்கட்டு', வினையாக வரும் இடத்தில் 'சாரம் கட்டுதல்' என்று எழுதுவது நல்லது.