போனை எடுப்பதற்கு ஒரு நொடி முன்னால்

"மேடம், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம்னு காட்டுது, நான் அடிமையாகிட்டேனா?" என்று ஸ்க்ரீன் டைம் கணக்கை நீட்டிக்கொண்டுதான் இப்போதெல்லாம் பலர் என் ஆலோசனை அறைக்குள் வருகிறார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது. ஆறு மணி நேரமும் வேலைக்காகவே பார்த்தவர் உண்டு, ஒரு மணி நேரத்தில் தூக்கத்தைத் தொலைத்தவரும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறுக்கு இடம் இருக்கிறது, ஸ்மார்ட்போன் அடிமைத்தனம் என்று தனியாக எதுவும் இல்லை. அதற்காகப் பிரச்சினையே இல்லை என்று சொல்லவில்லை.

நான் கேட்பது வேறு. கை போனுக்குப் போவதற்கு ஒரு நொடி முன்னால் மனதில் என்ன ஓடியது?

ஒரு இளைஞர் (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்) போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேசினார். வேலையைப் பற்றிச் சரளமாகப் பேசியவர், அப்பாவைப் பற்றிக் கேட்டதும் "அது வந்து..." என்று இழுத்தார், கை தானாகப் போய்ப் போனைத் திருப்பியது. திரையில் ஒன்றுமில்லை. கவிழ்த்தார். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் அதே. மணி பார்த்தீர்களா என்றேன். "எடுத்தேனா?" என்று கேட்டார்.

இதில் அவருடைய மன உறுதியைக் குறை சொல்லிப் பயனில்லை. உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில், கொத்தினால் எப்போது தீனி விழும் என்று தெரியாதபோதுதான் அவை விடாமல் கொத்தின, தீனியை நிறுத்திய பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டிருந்தன. நோட்டிஃபிகேஷனும் அப்படித்தான், பத்து முறை வெறுமையாக இருந்து பதினோராவது முறை ஏதோ ஒன்று வரும். போதாததற்கு, முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் நாமும் நிறுத்துவோம், இப்போது தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. முடிவே இல்லாத ஸ்க்ரோலை 2006-இல் உருவாக்கிய ஏசா ராஸ்கினே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டார்.

தூக்கம் கெடுவது, கவனம் சிதறுவது, மற்றவர் வாழ்க்கையோடு ஒப்பிட்டுக் குமைவது எல்லாம் நீங்கள் ஏற்கெனவே படித்தவைதான். எனக்கு அதைவிடக் கவலை தருவது இன்னொன்று. சலிப்பு, தனிமை, பயம், குற்ற உணர்ச்சி எது தலைதூக்கினாலும் அரை நொடியில் அணைத்துவிடப் பழகிய மனம், அவற்றோடு ஐந்து நிமிடம்கூட இருக்க முடியாமல் போய்விடுகிறது. அப்புறம் சின்ன ஏமாற்றமும் பெரிய எரிச்சலாக வெடிக்கிறது. (பிள்ளை எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறான் என்று அழைத்துவரும் பெற்றோர், வரிசையில் காத்திருக்கும்போது என்ன செய்கிறார்கள் என்று நான் பார்ப்பதுண்டு. சொன்னால் கோபம் வரும்.)

அந்த இளைஞரிடம் போனைக் குறையுங்கள் என்று சொல்லவில்லை. ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, போனை எடுப்பதற்கு முன் மனதில் ஓடுவதை ஒரே ஒரு வார்த்தையில் எழுதச் சொன்னேன். பாதி நேரம் மறந்துபோனாராம், சரி, பரவாயில்லை. முதல் மூன்று நாள் முழுக்க 'போரடிக்குது', 'போரடிக்குது', 'போரடிக்குது'. நான்காவது நாளிலிருந்து 'நாளைக்கு மீட்டிங்'. அப்புறம் ஒரு இரவு 11.40 என்று நேரம் போட்டு, 'அப்பா'.

அடுத்த முறை வந்தபோது அதைப் பற்றித்தான் பேசினோம். நடுவில் இரண்டு முறை கை பாக்கெட்டுக்குப் போனது, இரண்டு முறையும் அவரே கவனித்துச் சிரித்துக்கொண்டார்.