கொரோனாவுக்குப் பிறகு தினமும் தலைவலியா? முதலில் உங்கள் இரவைச் சொல்லுங்கள்

தலைவலி என்று வருபவர்களிடம் நான் இப்போதெல்லாம் முதலில் தலைவலியைப் பற்றிக் கேட்பதில்லை. நேற்று ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது கண் அசந்தது, நடுவில் எத்தனை தடவை விழிப்பு வந்தது, காலையில் எத்தனை மணிக்குப் படுக்கையை விட்டு எழுந்தீர்கள். இந்த நாலு கேள்விதான். முன்பும் கேட்டுக்கொண்டிருந்தேன், ஆனால் கடைசியில், மருந்துச்சீட்டு எழுதிக்கொண்டே. 2021 இரண்டாம் அலைக்குப் பிறகு அந்த வரிசை மாறிவிட்டது. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ வந்துபோகும் ஒற்றைத் தலைவலியோடு பல வருடம் சமாளித்து வந்தவர்கள், கொரோனா காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து "தினமும் வலிக்குது டாக்டர்" என்று வந்து உட்கார ஆரம்பித்தார்கள். துருவிக் கேட்டால், பலருக்கு வலி கூடுவதற்கு முன்பே தூக்கம் கெட்டிருக்கும்.

ஒருவரைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வீட்டிலேயே நாலு மெஷின் போட்டுத் தையல் வேலை எடுத்துச் செய்பவர், வயது 38. பதினெட்டு வயதிலிருந்து மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி, அவர் அம்மாவுக்கும் உண்டு. மாதவிலக்கை ஒட்டி ஒரு தடவை, வெயிலில் அலைந்தால் ஒரு தடவை, அவ்வளவுதான். 2022 ஜனவரியில் ஒமிக்ரான் பரவியபோது இவருக்கும் வந்தது. மூன்று நாள் காய்ச்சல், மருத்துவமனைக்குக்கூடப் போகவில்லை. ஜூன் மாதம் என்னிடம் வந்தபோது மாதத்தில் இருபது நாள் வலி. "கண்ணுக்குப் பின்னாடி விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, மத்த நாள்ல மண்டை பாரமாவே இருக்கு" என்றார். ஸ்கேன் எடுத்தாயிற்று, கண்ணாடியும் மாற்றியாயிற்று. இரவைப் பற்றி நான் கேட்டதும் கூட வந்திருந்த கணவர் முந்திக்கொண்டு, "எப்பவும் படுத்துக்கிட்டேதான் சார் இருக்கா, தூக்கத்துக்கு என்ன குறைச்சல்" என்றார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

விவரம் இதுதான். எப்படியாவது தூங்கிவிட வேண்டும் என்று ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார், ஒரு மணி வரை புரள்வார், மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடும், விடியும் நேரத்தில் மறுபடி அசந்தால் எட்டு மணி வரை எழ முடியாது, அப்புறம் மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம். ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் படுக்கையில். தூங்கியது ஏழுகூட இல்லை, அதுவும் துண்டு துண்டாக. அவர் படுத்தே இருக்கிறார் என்பதும் நிஜம், தூங்கவில்லை என்பதும் நிஜம். வீட்டில் இருப்பவர்கள் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு சோம்பேறி என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பெயரோடு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கிறது.

தூக்கத்துக்கும் தலைவலிக்கும் ஏன் இவ்வளவு நெருக்கம் என்று கேட்பீர்கள். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. பசி, தாகம், உடல் சூடு, தூக்கம், விழிப்பு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துவது அது. மைக்ரேன் உள்ளவர்கள் நினைத்துப் பாருங்கள், வலி வருவதற்கு முதல் நாளே காரணமில்லாமல் கொட்டாவி வரும், இனிப்பு தின்னத் தோன்றும், எரிச்சலாக இருக்கும். வலி தொடங்கும் முன்பே இந்தப் பகுதி மாறத் தொடங்கிவிடுகிறது என்பதற்கான அறிகுறிகள் அவை. இந்த இடத்துக்கும் தூக்கத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் கண்டு சொன்னவர் வியன்னாவில் இருந்த கான்ஸ்டான்டின் வான் எக்கோனோமோ. 1917-இல் அங்கே பரவிய ஒரு மூளை அழற்சி நோயில் சிலர் நாள் முழுக்கத் தூங்கிக்கொண்டே இருந்தார்கள், சிலருக்குத் தூக்கமே வரவில்லை. இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, ஹைப்போதலாமஸின் முன்பகுதி கெட்டால் தூக்கம் போகிறது, பின்பகுதி கெட்டால் விழிப்பு போகிறது என்று அவர் கண்டார். கொரோனா அந்த நோய் அல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் எந்தத் தொற்றானாலும் உடல் எதிர்த்துப் போராடும்போது சுரக்கும் அழற்சிப் பொருட்கள் தூக்கத்தின் வடிவத்தை மாற்றும். காய்ச்சலில் நாம் சுருண்டு படுப்பது அதனால்தான். பெரும்பாலானவர்களுக்கு இது சில வாரத்தில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். சிலருக்குத் திரும்புவதில்லை. தொற்று தொடங்கி மூன்று மாதம் ஆன நிலையிலும் அறிகுறிகள் இருந்து, அவை குறைந்தது இரண்டு மாதமாவது நீடித்து, வேறு நோய் எதுவும் காரணமாக இல்லையென்றால், கொரோனாவுக்குப் பிந்தைய நிலை என்று உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. தூக்கக் கோளாறும் தலைவலியும் அதில் அடிக்கடி காணப்படுபவை.

வைரஸை மட்டும் குற்றம் சொல்லி நிறுத்திக்கொள்ளக் கூடாது. அந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு 95 காட்டுகிறதா 93 காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த குடும்பங்கள் எத்தனை. பக்கத்து அறையில் அப்பாவின் இருமல் நின்றால் மூச்சு இருக்கிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர். தூங்கினால் ஆபத்து என்று உடம்பு ஒரு முறை கற்றுக்கொண்டால், ஆபத்து போன பிறகும் அந்தப் பாடம் சீக்கிரம் மறப்பதில்லை. ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு அந்த மருந்தே தூக்கத்தைக் கலைத்தது. தனிமையில் அடைபட்ட நாட்களில் காலை வெயில் கிடையாது, வேலைக்குக் கிளம்பும் நேரம் கிடையாது, கட்டிலிலேயே சாப்பாடு, கட்டிலிலேயே போன்.

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஸ்பீல்மன் தூக்கமின்மையை மூன்று படியாகப் பிரித்தார்: ஒருவருக்கு இயல்பிலேயே இருக்கும் பலவீனம், அதைத் தூண்டிவிடும் ஒரு நிகழ்வு, அந்த நிகழ்வு முடிந்த பிறகும் அதை நீடிக்க வைக்கும் பழக்கங்கள். மைக்ரேன் உள்ளவர்களுக்கு முதல் படி ஏற்கெனவே இருக்கிறது, தூக்கமின்மை அவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம். கொரோனா இரண்டாவது படி. மூன்றாவதில்தான் நாம் கை வைக்க முடியும். இதை நான் பழியாகச் சொல்லவில்லை, தூங்க முடியாதவர் சீக்கிரம் படுப்பதும் மதியம் கண்ணயர்வதும் இயற்கை. ஆனால் அதுதான் அடுத்த இரவின் தூக்கத்தைத் தின்றுவிடுகிறது.

இப்போது மாத்திரை. அந்தத் தையல்காரம்மா மெடிக்கலில் வாங்கிய காஃபீன் கலந்த வலி மாத்திரையை மாதத்தில் பதினெட்டு நாள் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரென்று தூக்கத்துக்கு அல்பிரசோலம் மாத்திரை வேறு. தலைவலி நோய் உள்ள ஒருவர் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து கலந்த மாத்திரைகளை மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல், வெறும் பாராசிட்டமால் மாதிரி சாதாரண வலி மாத்திரைகளை 15 நாள் அல்லது அதற்கு மேல் என்று மூன்று மாதத்தைத் தாண்டிப் போட்டுக்கொண்டிருந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கிவிடலாம். கேட்பவர்கள் நம்புவதில்லை, ஆனால் நான் வாரந்தோறும் பார்ப்பது இது. இதில் காஃபீனும் சேர்ந்தால், வலிக்கென்று மாலை ஆறு மணிக்குப் போட்ட மாத்திரையின் காஃபீன் பதினொரு மணிக்கும் பாதியளவு உடம்பில் இருந்து தூக்கத்தை விரட்டும். தூக்கம் போனதால் காலையில் வலி, வலிக்கு மறுபடி மாத்திரை. அல்பிரசோலம் மாதிரித் தூக்க மாத்திரையை நாளாக நாளாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டிவரலாம். ஆனால் பல மாதம் போட்டவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மைக்ரேன் தடுப்புக்குத் தரும் மருந்துகளிலும் கவனம் தேவை. புரோப்ரனலால் சிலருக்குக் கெட்ட கனவுகளைக் கொண்டுவரும். அமிட்ரிப்டிலின் குறைந்த அளவில் இரவில் கொடுத்தால் தூக்கத்துக்கும் துணை செய்யும். தூக்கம் பற்றிக் கேட்காமல் மருந்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

சரி, என்ன செய்தோம்? நீண்ட நாள் தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை கிடையாது, பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் பயிற்சிதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் அமைப்பு 2016-இலேயே பரிந்துரைத்துவிட்டது. அதில் நான் முதலில் பிடிப்பது படுக்கும் நேரத்தை இல்லை, எழும் நேரத்தை. ராத்திரி எப்படிப் போனாலும் காலை ஆறு மணிக்கு எழுந்து, வாசலுக்கு வந்து, வெளிச்சத்தில் அரை மணி நேரம். கோலம் போடலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், சும்மா உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமையும் அதே ஆறுதான், ஏனென்றால் ஞாயிறு தலைவலி பலருக்கு லேட்டாக எழுவதாலும் அதனால் காபி தள்ளிப்போவதாலும் வருவது. படுப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பதினொன்றுக்குக் கொண்டுவரச் சொன்னேன். இருபது நிமிடம் போல் புரண்டும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து போய் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்துவிட்டு, கண் சொருகும்போது திரும்பினால் போதும். கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. படுக்கையில் இருக்கும் நேரத்தை ஒரேயடியாக ஐந்தரை மணி நேரமாகக் குறைக்கும் கடுமையான முறை ஒன்று இருக்கிறது. சாதாரணத் தூக்கமின்மைக்கு நன்றாகவே வேலை செய்யும். மைக்ரேன் உள்ளவர்களுக்கு அப்படி ஒரேயடியாகத் தூக்கத்தைக் குறைத்தால் அதுவே வலியைக் கிளப்பிவிடும். அதனால் நான் வாரத்துக்கு அரை மணி நேரமாகத்தான் குறைக்கச் சொல்வேன். வலிப்பு நோய் உள்ளவர்களும் மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் தாங்களாக இதைச் செய்யவே கூடாது. மதியம் அசதியாக இருந்தால் ஓய்வெடுங்கள், கொரோனாவுக்குப் பிந்தைய அசதி நிஜமானது, அதை மல்லுக்கட்டி ஜெயிக்க முடியாது. ஆனால் அந்த ஓய்வு ஜன்னலோரம், சாய்வு நாற்காலியில், மூன்று மணிக்குள், இருபது நிமிடம்.

இதெல்லாம் தலைவலியைக் குறைக்குமா என்றால், ஆன் கால்ஹூன் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு நம்பிக்கை தந்த ஒன்று. மைக்ரேன் முற்றி அடிக்கடி வலி வரும் நிலைக்குப் போய்விட்ட 43 பெண்கள். தூக்கப் பழக்கங்களை மாற்றக் கற்றுக்கொடுத்ததில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வலி விட்டுவிட்டு வரும் பழைய நிலைக்குத் திரும்பியது. சின்ன ஆய்வுதான், கொரோனாவுக்கு முந்தையதும்கூட. அவர் சொன்ன விதிகளில் ஒன்று, இரவு உணவுக்கும் படுக்கைக்கும் நாலு மணி நேர இடைவெளி. நம் வீடுகளில் ஒன்பதரைக்குத்தான் தோசைக்கல்லே அடுப்பில் ஏறுகிறது. ஏழரைக்குக் கொண்டுவர முடிந்தால் அதுவே பெரிய காரியம்.

அந்த அம்மாவுக்கு முதல் பத்து நாள் மோசமாகத்தான் போனது. வலி மாத்திரையை நிறுத்தினால் கொஞ்ச நாள் வலியும் தூக்கமும் இரண்டுமே கெடும், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சொல்லியிருந்தேன். அப்படியும் போனில் அழுதார். மூன்றாவது வாரம் நாலரை மணி நேரம் ஒரே நீட்டாகத் தூங்கினார். மூன்றாம் மாதம் வலி ஏழு நாளாகக் குறைந்தது. ஆறு மணிக்கு அவரோடு சேர்ந்து எழுந்து காபி போட்டுக் கொடுத்தது அவர் கணவர்தான்.

எல்லோருக்கும் இதே கதை என்று நினைக்க வேண்டாம். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவது, காலையில் தலை கனத்து எழுந்து சில மணி நேரத்தில் சரியாவது என்றால் உறக்க மூச்சுத்தடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கொரோனா நாட்களில் எடை கூடியவர்கள் கூடுதல் கவனம். படுத்ததும் கால் குடைச்சல் எடுத்து ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றினால் இரும்புச்சத்தைச் சோதியுங்கள். தினமும் இரவில் ஒரே நேரத்தில் ஒரு கண்ணைச் சுற்றி உயிர்போகும் வலி, கண்ணில் நீர் என்றால் அது வேறு வகைத் தலைவலி, சிகிச்சையும் வேறு. திடீரென்று இடி விழுந்த மாதிரி வலி, வலியோடு பார்வை மங்குவது, கை கால் மரத்துப்போவது, வலிப்பு, குமட்டலோடு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் வலி, இருமினால் படுத்தால் அதிகமாகும் வலி, இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கொரோனாவுக்குப் பிறகு மூளை ரத்தக்குழாயில் அடைப்பு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

மற்றவர்கள் மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு மாதம் எழுதிவையுங்கள். ஆப் எதுவும் வேண்டாம். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் சுவரில் இருக்குமே, அதிலேயே ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் எழுந்த நேரம், படுத்த நேரம், வலி வந்திருந்தால் ஒரு பெருக்கல் குறி, மாத்திரை போட்டிருந்தால் ஒரு வட்டம். காலையில் உத்தேசமாக எழுதினால் போதும், ராத்திரியில் நேரம் பார்த்து எழுத வேண்டாம். வரும்போது அந்தத் தாளைக் கிழித்துக் கையில் கொண்டுவாருங்கள், ஸ்கேன் கவரை அதற்கப்புறம் பிரித்துக்கொள்ளலாம்.