சுண்டெலியின் பாலில் வந்த புற்றுநோய்

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில், சில சுண்டெலி வம்சங்களில் தலைமுறை தலைமுறையாக மார்பகப் புற்றுநோய் வந்துகொண்டிருந்தது. பரம்பரை நோய் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இரண்டு வம்சங்களைக் கலந்து பார்த்தபோது, குட்டிக்கு நோய் வருவது பெரும்பாலும் தாயைப் பொறுத்தே இருந்தது. தகப்பன் எந்த வம்சம் என்பது அவ்வளவாகப் பொருட்படவில்லை. அங்கிருந்த ஆய்வாளர் ஜான் பிட்னர், நோய் அதிகம் வரும் வம்சத்துக் குட்டிகளைப் பிறந்த கையோடு பிரித்து, நோய் அரிதாக வரும் வம்சத்துத் தாயிடம் பால்குடிக்க விட்டார். அவை வளர்ந்தபின் புற்றுநோய் வெகுவாகக் குறைந்திருந்தது. 1936இல் இதை வெளியிட்டார். பாலில் இருந்த அந்த 'ஏதோ ஒன்று' வைரஸ் என்பது பிற்பாடு தெளிவானது.

இந்த வைரஸ் போகும் வழி விசித்திரமானது. பாலோடு குடலுக்குப் போய், அங்குள்ள நோயெதிர்ப்பு செல்களுக்குள் புகுகிறது. உடலைக் காக்க வேண்டிய அதே செல்களைப் பெருகத் தூண்டி, அவற்றில் ஏறி மார்பகத் திசுவைச் சேர்கிறது. அங்கே தன் மரபுப்பொருளை செல்லின் டிஎன்ஏவுக்குள் செருகிவிடுகிறது. புற்றை உண்டாக்கும் மரபணு எதையும் அது கொண்டுவருவதில்லை. எங்கே போய்ச் செருகிக்கொள்கிறது என்பதில்தான் வினை. வளர்ந்த மார்பகத்தில் அடங்கிக் கிடக்கும் விண்ட்-1 என்ற மரபணுவின் பக்கத்தில் அமர்ந்தால், அதன் காதருகே ஒலிபெருக்கி கட்டியதுபோல் ஆகிவிடும். அந்த மரபணு விழித்தெழ, செல் பிரிந்துகொண்டே போகும். ரோல் நஸ்ஸே, ஹரால்ட் வார்மஸ் என்ற ஆய்வாளர்கள் 1982இல் இதைக் கண்டறிந்தார்கள். கர்ப்பகால ஹார்மோன்கள் வைரஸை இன்னும் முடுக்கிவிடுகின்றன.

சரி, மனிதருக்கு? 1995இல் நியூயார்க்கில் ஒரு குழு, சோதித்த மார்பகப் புற்றுக்கட்டிகளில் ஏறத்தாழ 38 சதவீதத்தில் இந்த எலி வைரஸை ஒத்த மரபுத்துணுக்கைக் கண்டதாக அறிவித்தது. பிறகு சிலர் கண்டார்கள், சிலர் தேடியும் காணவில்லை. எலியின் டிஎன்ஏ ஆய்வகங்களில் எங்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது பெரிய தலைவலி. புராஸ்டேட் புற்றுநோயில் 2006இல் பரபரப்பாகப் பேசப்பட்ட, எலி வைரஸ் ஒன்றை ஒத்த எக்ஸ்எம்ஆர்வி வைரஸ், கடைசியில் ஆய்வகக் கலப்படம் என்றே முடிந்தது. மேலும், கட்டியில் வைரஸ் இருப்பதாலேயே அதுதான் கட்டியை உண்டாக்கியது என்றாகிவிடாது. கருப்பைவாய்ப் புற்றுநோயில் எச்பிவி (மனித பாப்பிலோமா வைரஸ்) வகிக்கும் பங்கு சந்தேகமின்றி நிரூபணமானது; மார்பகத்தில் எந்த வைரஸுக்கும் அப்படி ஆகவில்லை.

எலிக்கதையைப் படித்துவிட்டுப் பாலூட்டப் பயப்பட வேண்டாம். 30 நாடுகளின் தரவுகளைச் சேர்த்து 2002இல் வெளியான ஆய்வின்படி, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் தாயின் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைகிறது.