மாலையில் திரை மஞ்சளாவது எப்படி?

தருமபுரியில் நவம்பர் நடுவில் மாலை 5.50 மணியளவில் மறையும் சூரியன், ஜூலைத் தொடக்கத்தில் 6.45 வரை நிற்கிறது. நேரத்திற்கேற்பக் கணினித் திரையின் நிறவெப்பநிலையை, அதாவது அதன் வெண்மையில் நீலமோ மஞ்சளோ மிகுந்திருக்கும் அளவை, மாற்றும் எஃப்.லக்ஸ், ரெட்ஷிஃப்ட் போன்ற மென்பொருள்கள் இந்தச் சூரியனைத்தான் பின்தொடர்கின்றன. ஊரின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கொடுத்தால், சூரியன் அடிவானத்திற்கு எத்தனை பாகை மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதை அவை கணக்கிட்டுக்கொள்ளும். தருமபுரியைச் சென்னை என்று பிழையாக எடுத்துக்கொண்டாலும் கேடில்லை. இரண்டு பாகை வேறுபாட்டால் ஏறத்தாழ எட்டு நிமிடங்களே மாறும்.

ரெட்ஷிஃப்ட் வழக்கமாகச் சூரியன் 3 பாகை உயரத்திற்குத் தாழ்ந்ததும் நிறத்தை மாற்றத் தொடங்கி, அடிவானத்திற்குக் கீழே 6 பாகையில் முடிக்கிறது. நம் பகுதியில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் இதற்கு முக்கால் மணி நேரம்கூட ஆவதில்லை. சாய்வாக இறங்கும் லண்டனில் கோடைக்காலத்தில் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகிறது.

நிறவெப்பநிலை என்பது கொல்லன் உலையில் காயும் இரும்பின் கணக்கு: சூடு குறைவாக இருக்கையில் சிவப்பு, ஏற ஏற மஞ்சள், பிறகு வெண்மை. மெழுகுவர்த்திச் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின் (வெப்பநிலையின் அலகு), பழைய குண்டு பல்பு 2700, திரையின் வழக்கமான வெண்மை 6500. எண் குறையக் குறைய நிறம் மஞ்சளேறி இதமாகிறது என்பது முதலில் குழப்பத்தான் செய்யும்.

திரையின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிகளால் ஆனது. மென்பொருள் சிவப்பைத் தொடாமல், பச்சையைச் சற்றும் நீலத்தை மிகுதியாகவும் குறைக்கிறது. நீலத்தின் மதிப்பைப் பாதியாக்கினால், திரையின் காமா வளைவு (கொடுக்கும் மதிப்புக்கு எவ்வளவு ஒளி வெளிவரும் என்ற தொடர்பு) காரணமாக, வெளிவரும் நீல ஒளி ஏறத்தாழக் கால் பங்காகிவிடும். பெரும்பாலும் இந்த மாற்றம் படம் திரைக்குச் செல்லும் கடைசிக் கட்டத்தில் நிகழ்வதால், ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அதில் மஞ்சள் தெரியாது.

நீலத்தைக் குறிவைப்பதற்குக் காரணம் கண்ணில் இருக்கிறது. விழித்திரையின் சில நரம்பணுக்களில் உள்ள மெலனாப்சின் என்ற நிறமி, 480 நானோமீட்டர் அருகிலுள்ள நீல ஒளியைக் கூடுதலாக உணர்ந்து, இன்னும் பகல்தான் என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. உறக்கத்திற்கான மெலடோனின் சுரப்பும் தள்ளிப்போகிறது. ஆனால் அந்த அணுக்கள் ஒளியின் மொத்த அளவையும் பார்க்கின்றன. ஆகவே வெளிச்சத்தைக் குறைக்காமல் நிறத்தை மட்டும் மாற்றினால் பயன் சொற்பமே என்பது என் கருத்து. 2021இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வும் இதேபோல் திரையை மஞ்சளாக்கும் ஐபோனின் நைட் ஷிஃப்ட் வசதியால் உறக்கம் மேம்பட்டதாகக் காணவில்லை. கண்ணுக்கு இதமாக இருப்பது வேறு விஷயம்.

நிறத்தை நம்பிச் செய்யும் வேலைக்கு இது உதவாது. கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் டின்னுக்கான லேபிளை மஞ்சளேறிய திரையில் வடிவமைப்பவர், பழத்தின் மஞ்சள் மிகுந்துவிட்டதென்று குறைத்துவிடுவார். அச்சில் அது வெளிறிப்போகும். அத்தகைய வேலைக்கான செயலி திறந்திருக்கையில் மட்டும் மாற்றத்தை நிறுத்திவைக்கும் வசதி எஃப்.லக்ஸில் உண்டு.