கையெழுத்து இல்லாத படத்துக்கு பேர் வைக்க ஏன் இவ்ளோ அவசரம்?

ரோமப் புராணத்து வீனஸும் அவ காதலன் அடோனிஸும் இருக்கற பழைய கான்வாஸ், கையெழுத்து கிடையாது, "இது பூஸான் வரைஞ்சதுதானே?" மறுபடியும் இதே கேள்வி (பூஸான்னா 17ம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர்). பாரிஸ்ல பழைய படங்களைப் பரிசோதிச்சு சொல்றதுதான் என் வேலை, ஆனா வர்றவங்க பாதிப்பேர் பேரை முடிவு பண்ணிட்டு முத்திரை குத்த மட்டும் என்கிட்ட வர்றாங்க.

கதையை வெச்சு ஓவியரைக் கண்டுபிடிக்க முடியாதுங்க. வீனஸ், டயானா எல்லாம் 17ம் நூற்றாண்டுல பொதுச் சொத்து. பூஸானும் வரைஞ்சார், அதே காலத்து பிரெஞ்சு ஓவியர் சிமோன் வூவேயும் வரைஞ்சார். வூவே 1627ல ரோம்லேர்ந்து பாரிஸ் திரும்பி பெரிய பட்டறையே நடத்தினார், அவர் மாப்பிள்ளை டோரின்யி அந்தப் படங்களை செப்புத் தகட்டுல செதுக்கி பிரிண்ட் போட்டார், அந்த பிரிண்டைப் பார்த்து யார் யாரோ வரைஞ்சாங்க (பிரிண்ட்ல படம் திரும்பி விழும், அதனால அப்படி வரைஞ்சது பெரும்பாலும் இடம் வலம் மாறியிருக்கும், அதை முதல்ல பாருங்க). இத்தனை கை இருக்கற இடத்துல ஒரே பேரைப் பிடிச்சு ஒட்டுன்னா எப்படி?

கையெழுத்து இல்லன்னா படத்துல ஏதோ குறைன்னு நினைக்கறாங்க பாருங்க, அதுலதான் எனக்கு பிரஷர் ஏறுது. அப்போ கையெழுத்து போடறது கட்டாயமே இல்ல, பூஸானே பெரும்பாலும் போடல. மூலையில பளிச்சுனு ஒரு பேர் இருந்தாதான் எனக்கு சந்தேகம் வரும், லென்ஸ்ல பார்த்தா எழுத்தோட பெயிண்ட் பழைய வெடிப்புக்குள்ள இறங்கியிருக்கும், அதாவது படம் காஞ்சு வெடிச்சு ரொம்ப காலம் கழிச்சு எவனோ எழுதினது.

"பிரெஞ்சு ஓவியர், பேர் தெரியல, 17ம் நூற்றாண்டு"ன்னு நான் எழுதிக் கொடுத்தா மூஞ்சி தொங்கிடுது. அது கை விரிச்ச பதில் இல்லங்க. அடிப்பூச்சு கீழ சிவப்பு மேல சாம்பலா இருக்கா, துணி நெசவு எப்படி, முகம் வரைஞ்ச விதம் என்னன்னு பார்த்து, இத்தாலி இல்ல, ஃப்ளாண்டர்ஸ் இல்லன்னு ஒவ்வொண்ணா தள்ளிட்டு வந்த முடிவு. ஒரிஜினல் லேயர்ல பிரஷ்யன் ப்ளூ இருந்தா பூஸான் பேச்சே கிடையாது, அது 1700க்கு அப்புறம் பெர்லின்ல வந்த கலர், அவர் 1665லயே செத்துட்டார். (பின்னாடி யாராவது சரிபண்ணி பூசின ரீடச்ல இருந்தா அது வேற கதை.)

"பேர் தெரியாம சல்லிசா வித்து ஏமாந்தவங்க இல்லையா?" உண்டு. 1968ல ஒரு தம்பதி, வீட்டுல பூஸான்னு சொல்லிட்டிருந்த மார்சியாஸ் (கிரேக்கப் புராணப் பாத்திரம்) படத்தை, இத்தாலியோட கர்ராச்சி ஓவியர்கள் வழின்னு நிபுணர் சொன்னதை நம்பி ஏலத்துல 2,200 ஃபிராங்குக்கு வித்தாங்க, லூவ்ர் மியூசியம் அரசுக்கு இருக்கற முன்னுரிமையில அதே விலைக்கு எடுத்து பூஸான்னே மாட்டிடுச்சு. விற்பனையை ரத்து பண்ண 1980கள் வரைக்கும் கோர்ட்டுக்கு அலைஞ்சாங்க. அங்கயும் வினை அவசர லேபிள்தான்.

ஏலத்துல வாங்கறவங்களா? கேட்டலாக்ல பூஸான் பேரைப் பார்த்ததும் கை தூக்காதீங்க, முன்னாடி என்ன போட்டிருக்குன்னு படிங்க. பிரான்ஸ்ல 1981 அரசாணைப்படி "அட்ரிபுயே" (attribué, 'இவர்தான்னு கருதப்படுது')ன்னா அந்த ஓவியர் காலத்துப் படம், அந்தப் பேருக்கு வலுவான காரணமும் இருக்கு. "தான் லெ கூ" (dans le goût, 'அவர் ரசனையில')ன்னா ஓவியர், காலம் ரெண்டுக்குமே கேரண்டி கிடையாது.

வெச்சிருக்கறவங்க தயவுசெஞ்சு கையெழுத்து தேடறேன்னு மூலையை ஸ்பிரிட் போட்டு துடைக்காதீங்க, உருளைக்கிழங்கு வெட்டித் தேய்க்கவும் வேணாம். பின்பக்க சீட்டு, அரக்கு முத்திரை எதையும் பிய்க்காதீங்க, ஃபோட்டோ எடுங்க. வீட்டுல பழைய நோட்டரி சொத்துப் பட்டியல் இருந்தா அதையும் கொண்டு வாங்க, அதுல "வீனஸ் படம் ஒண்ணு, சட்டத்தோட"ன்னு ஒரு வரி இருந்தாலும் எனக்கு அது நீங்க வெச்ச பேரை விட உபயோகம்.