அறை இல்லையென்றால் அதை எழுதி வாங்குங்கள்: ஆய்வு மாணவர்களின் வீட்டு வாடகைப்படி

பிஎச்.டி. ஆய்வாளர்களுக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கான வயது வரம்பு 30. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து வருடத் தளர்வு உண்டு. கல்யாணமாகி, குழந்தை பெற்று, நடுவில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு பிஎச்.டி.க்கு வருகிறவர்கள் இருப்பார்கள் என்பது விதியை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. விடுதி அலுவலகங்களுக்கு மட்டும் எல்லா மாணவருக்கும் இருபது வயதுதான்.

வாடகைப்படி விதி சின்னது. யு.ஜி.சி. உதவித்தொகை பெறும் முழுநேர ஆய்வாளருக்குப் பல்கலைக்கழகம் விடுதி கொடுத்தால், விடுதிக் கட்டணம் மட்டும் திரும்பக் கிடைக்கும். மெஸ், மின்சாரம், தண்ணீர் எல்லாம் உங்கள் செலவு. விடுதி கிடைக்காமல் நீங்களே வெளியே வீடு பார்த்துக்கொண்டால் ஊரின் வகையைப் பொறுத்து எச்.ஆர்.ஏ., அதாவது வீட்டு வாடகைப்படி, உண்டு. கொடுத்த விடுதியை வேண்டாமென்றால் எச்.ஆர்.ஏ. கிடையாது.

இந்தக் கடைசி வரியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு ஆய்வாளர், மூன்று வயதுப் பெண் குழந்தையோடு வந்து சேர்ந்தவர். விடுதியில் நான்கு பேர் தங்கும் அறையில் ஒரு கட்டில் இருக்கிறது என்றார்கள். குழந்தையை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். "அதெல்லாம் முடியாதும்மா, நீங்க வெளியில பாத்துக்கங்க" என்று பதில். சரி சார் என்று வந்துவிட்டார். கோப்பில் அன்றைக்கு ஏறிய வரி: "மாணவி விடுதியை ஏற்க மறுத்துவிட்டார்." மூன்று மாதம் கழித்து எச்.ஆர்.ஏ. கேட்டபோதுதான் அந்த வரி அவர் கண்ணிலேயே பட்டது. வெளியே பார்த்துக்கொள்ளச் சொன்னவரும் கோப்பில் எழுதியவரும் ஒரே ஆள்.

ஆகவே வாயால் எதையும் முடிக்காதீர்கள். குடும்பம் இருந்தால் விடுதி விண்ணப்பத்திலேயே, "கணவர், குழந்தையுடன் தங்க வேண்டியுள்ளதால் குடும்பக் குடியிருப்பு கோருகிறேன், அவ்வசதி இல்லையெனில் இல்லை என்று சான்று வழங்கவும்" என்று எழுதிக் கொடுங்கள். தனிக் கட்டிலுக்கு விண்ணப்பம் போட்டு, அது கிடைத்தபின் வேண்டாமென்றால் மறுப்புக் கணக்கில் போய்விடும். யு.ஜி.சி. நெறிமுறை பேசுவது பொருத்தமான தங்குமிடத்தைப் பற்றி. குழந்தையை உள்ளே விடாத அறை ஒரு தாய்க்கு எப்படிப் பொருந்தும் என்பதை அலுவலகம்தான் விளக்க வேண்டும். "விடுதியில் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை" என்று வார்டன் கையெழுத்தோடு ஒரு வரி வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. தர மறுத்தால் அதே கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு வையுங்கள்; பதிலே வராவிட்டாலும் கேட்ட தேதி பதிவாகியிருக்கும்.

குடும்பத்தோடு தங்கும் வசதி வளாகத்திலேயே இருக்கும் இடங்களும் உண்டு. டெல்லி ஜே.என்.யு.வில் மகாநதி விடுதி மணமான ஆய்வாளர்களுக்கானது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் அவர்களுக்கென்று ஒரு படுக்கையறைக் குடியிருப்புகள் இருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தில் இப்படி ஏதாவது இருந்தால் சேரும் நாளன்றே பெயர் கொடுங்கள், வரிசை நீளம்.

அடுத்த பொறி காத்திருப்போர் பட்டியல். "ரூம் வந்துரும், வெயிட் பண்ணுங்க" என்பார்கள். அறையும் வராது, அறை வரப்போகிறது என்பதால் எச்.ஆர்.ஏ.வும் வராது. காத்திருக்கும் காலத்திலும் நீங்கள் வெளியேதான் வாடகை கொடுக்கிறீர்கள். "இந்தத் தேதியிலிருந்து இன்றுவரை விடுதி வழங்கப்படவில்லை" என்று சான்று கேளுங்கள். தொடக்கத் தேதி கட்டாயம் இருக்க வேண்டும். வெறுமனே "விடுதி வழங்கப்படவில்லை" என்றிருந்தால், சான்றில் கையெழுத்தான நாளிலிருந்துதான் கணக்குப் பிரிவு கணக்கு வைக்கும். அதற்கு முந்தைய மாதங்கள் காற்றோடு போகும். வார்டன் கையெழுத்து மட்டும் போதாது, பதிவாளர் வழியாகப் போக வேண்டும். கல்லூரியென்றால் முதல்வர்.

சான்று கொடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. உதவித்தொகை போர்ட்டலில் பல்கலைக்கழகத்தின் சார்பில் மேக்கர் ஒருவர் பதிய வேண்டும், செக்கர் ஒருவர் ஒப்புதல் தர வேண்டும். ஒருவர் விடுப்பில் போனால் மற்றவர் கையை விரிப்பார். உதவித்தொகை வந்த மாதம் எச்.ஆர்.ஏ.வும் சேர்ந்து வந்ததா என்று தனியாகப் பாருங்கள்.

எவ்வளவு வர வேண்டும்? எச்.ஆர்.ஏ.வுக்காக ஊர்கள் எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று வகை. தமிழ்நாட்டில் சென்னை எக்ஸ். கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருப்பூர், ஈரோடு ஒய். மற்ற ஊர்கள் இசட். இந்த மூன்று வகைக்கும் மத்திய அரசு விகிதம் முறையே 24, 16, 8 சதவீதமாகத் தொடங்கியது. 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டதும் 30, 20, 10 ஆனது. ஜே.ஆர்.எஃப். தொகை 37,000. சென்னையில் 30 சதவீதம் என்றால் 11,100 ரூபாய். பழைய 24இல் போட்டால் 8,880. மாதம் 2,220 ரூபாய் குறைகிறது. யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கணவருக்கோ மனைவிக்கோ அதே ஊரில் அரசுக் குடியிருப்பு ஒதுக்கியிருந்தால் எச்.ஆர்.ஏ. கேட்காதீர்கள். பின்னால் மொத்தமாகத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். நெட் தேர்வு வழி உதவித்தொகை இல்லாத ஆய்வாளர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகங்கள் தரும் 8,000 ரூபாய் நான்-நெட் உதவித்தொகையில் எச்.ஆர்.ஏ.வே இல்லை, அவர்களுக்கு விடுதி அறைதான் ஒரே வழி. அதனால் விடுதிக் கையேட்டில் வயது வரம்பு, உள்ளூர் முகவரி பற்றிய விதிகள் இருக்கின்றனவா என்று சேர்வதற்கு முன்பே படித்துவிடுங்கள். குடும்பத்தை அழைத்துவந்த கையோடு ஆதார் முகவரியை அந்த ஊருக்கு மாற்றினால், "நீங்க லோக்கல்தானே" என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிட அது ஒன்று போதும்.

அலுவலகம் அசையவில்லை என்றால், 2023ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதிமுறைப்படி பல்கலைக்கழகத்தில் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருந்தாக வேண்டும். அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். முடிவு சரியில்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். கூடவே பத்து ரூபாயில் ஒரு ஆர்.டி.ஐ. மனுவும் போடுங்கள்: இந்த ஆண்டு காலியாக இருந்த அறைகள் எத்தனை, காத்திருப்போர் பட்டியலில் என் எண் என்ன, என் கோப்பில் உள்ள குறிப்புகளின் நகல். மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். "மறுத்துவிட்டார்" என்று யாராவது எழுதி வைத்திருந்தால் அதில்தான் தெரியும்.